பலகாரமா, சாப்பாடா?

வாசலில் பித்தளைத் தட்டு ஒன்று 'டாங்' என்று அதிர்ந்ததும், மேசையில் இருந்த இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஒருத்தி பாக்கியலெட்சுமி. அம்மா எழுந்ததில் மதுஷாவுக்கு ஆச்சரியமில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் விடிந்தும் விடியாமலும் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதை அடித்தால் இதே சத்தம்தான். கொழுந்து பறிக்கப் போன நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு எழும்பிப் பழகிய உடம்பு அம்மாவுடையது.

மற்றவர் நேசராணி டீச்சர். மதுஷா விரும்பிய ஷெல்டனின் அம்மா. பதுளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதற்காக எழுந்தார் என்றுதான் மதுஷாவுக்குப் புரியவில்லை. எழுந்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு சேலை மடிப்பைச் சரிசெய்யத்தான் எழுந்ததுபோல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பயப்பட வேணாம். புதுசா ஆள் வந்தா வாசல்ல அடிக்கிறது. மெனேஜர்ட ஓடர்," என்றான் பரிமாற வந்த ஷிபான்.

"நான் பெரட்டுக்குத்தான் கூப்புடுறாய்ங்கன்னு நெனச்சேன்," என்றாள் பாக்கியலெட்சுமி. "ஞாயித்துக்கெழமையும் விட மாட்டாய்ங்க போலன்னு."

ஷெல்டனின் அப்பா ஞானசீலன் மேசை குலுங்கச் சிரித்தார். ரயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். எதற்கும் சிரித்துவிடுவார். மதுஷாவின் அப்பா இராசையா சிரிக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே, கீழே பள்ளத்தில் பதுளை டவுனின் தகரக் கூரைகளை மூடிக்கொண்டு ஏறிவரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலவைச் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். அது அவர் கழுத்தை அறுத்துக்கொண்டிருப்பது மதுஷாவுக்குத் தெரிந்தது. கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார்.

மலை மேல் புதிதாகத் திறந்த ஹோட்டல் அது. அதன் மேல்மாடியில் சீனச் சாப்பாட்டுக்கடை. கூரையிலிருந்து சிவப்புக் கூண்டு விளக்குகள் தொங்கின. நாற்காலிகள் எழும்போது பின்னால் தள்ள முடியாத கனம். வட்ட மேசையின் நடுவில் இன்னொரு கண்ணாடி வட்டம், தள்ளினால் சுற்றும். வெள்ளைக்காரச் சோடிகள், கொழும்பிலிருந்து காரில் வந்த குடும்பங்கள், பக்கத்து மேசையில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். எல்லா மேசையிலும் மூங்கில் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தன. டிம் சம் என்பதை ஷெல்டன் போனில் படம் அனுப்பி விளக்கியிருந்தான். "சின்னச் சின்னதா வரும் மது. பேசிக்கிட்டே சாப்பிடலாம். ரெண்டு வீடும் பழகிறதுக்கு இதவிட நல்ல எடம் கெடையாது."

பேச்சுத்தான் வரவில்லை.

மதுஷா மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். பதுளையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை அவளுக்கு. காணி அளக்கும் அலுவலகத்தில் இருந்த ஷெல்டன் மோட்டார் சைக்கிள் பத்திரத்தைப் புதுப்பிக்க வந்து, பிறகு புதுப்பிக்க ஒன்றும் இல்லாமலே வந்துகொண்டிருந்தான். கோயிலா, சேர்ச்சா என்ற பெரிய கேள்வி ஆச்சரியமாக அப்பாக்கள் இருவரும் போனில் பேசியே தீர்ந்துவிட்டது. காலையில் சேர்ச், மத்தியானம் கோயில், அவரவர் சாமி அவரவருக்கு. தீராமல் கிடந்தது வீட்டு வாசல் மட்டும்.

பெண் பார்க்க வரச்சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாகிவிட்டது. முதல் தடவை மழை என்றார் நேசராணி டீச்சர். அடுத்த தடவை சேர்ச்சில் திருநாள். மூன்றாவது தடவை மண்சரிவு எச்சரிக்கை. அன்றைக்கு ஸ்பிரிங்வெளி ரோட்டில் பஸ் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது தடவை கூப்பிடுவதற்கு முன் அவர்களே இந்த ஹோட்டலைச் சொன்னார்கள். அன்றைக்கு இராசையா, தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் நின்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னது மதுஷாவின் காதில் இப்போதும் கிடந்தது. "லயத்து வாசப்படிய மிதிக்க அந்த அம்மாவுக்கு மனசில்ல. நல்லா வெளங்குது. கூப்புட்டுட்டாங்க, போவோம். ஆனா முடிவு ஒண்ணு அவுங்க வாயால வரணும். நாம கேட்டு வாங்கக் கூடாது. வரல்லன்னா நாளைக்கே மொனராகலைக்குப் போன் போட்டுருவேன்."

மொனராகலையில் இருப்பது மாமா மகன் ரமேஸ். நல்லவன்தான். மதுஷாவைச் சின்ன வயதிலிருந்து 'பாப்பா' என்று கூப்பிடுகிறவன். கல்யாணம் என்றால் அவன் நினைவு அவளுக்கு வந்ததே இல்லை.

முதல் அடுக்குக் கூடைகள் வந்தன. ஷிபான் மூடியைத் திறந்ததும் ஆவி பொங்கி எல்லார் முகத்தையும் மறைத்தது. ஆவி அடங்கியபோது, உள்ளே இலைமேல் பளபளவென்று சின்ன மடிப்புகளோடு மாவுப் பொட்டலங்கள் உட்கார்ந்திருந்தன.

"அட, கொழுக்கட்ட!" என்றாள் பாக்கியலெட்சுமி. கூடையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "நல்லா முடைஞ்சிருக்கான். இந்தக் கூடையில பறிச்சா கணக்கப்புள்ள என்னய மலைய விட்டே வெரட்டிருவாரு."

ஞானசீலன் மறுபடி சிரித்து, ஜெபம் சொல்லிவிட்டு, குச்சியைக் கையில் எடுத்தார். ஒன்று நழுவியது. இரண்டாவதைக் குத்தி எடுத்து வாயில் போட்டு, சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதினார். "இராசையா அண்ணே, சாப்பிடுங்க! எறால்! பஞ்சு மாதிரி இருக்கு!" கண்ணாடி வட்டத்தைத் தள்ளிவிட்டார். கூடை நகர்ந்து இராசையாவின் முன்னால் வந்து நின்றது.

இராசையா அதைப் பார்த்தார். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. கூடை சற்று நேரம் அவர் முன்னால் நின்றுவிட்டு, யாரோ தள்ள, அடுத்த ஆளிடம் போய்விட்டது.

மதுஷாவுக்கு அப்பாவைத் தெரியும். பெண் பார்க்கும் விசயத்தில் தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், அதில் ஒரு பேச்சும் இல்லை. சாப்பாட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். முடிவு தெரியாமல் கை நனைக்கிறவன் மானங்கெட்டவன். லயத்தில் இது எழுதாத சட்டம். வீட்டில் நடந்தால் யாருக்கும் குழப்பமில்லை: லட்டும் முறுக்கும் ஒரு தட்டில், சோறு அடுப்பில். இங்கேதான் எது எது என்று தெரியவில்லை.

பாக்கியலெட்சுமி கணவனின் காதருகே குனிந்தாள். ரகசியம் பேசுவதாக அவள் நினைத்துக்கொண்ட அந்தக் குரல், மலையில் அடுத்த நிரைக்குக் கேட்கப் பேசிப் பழகிய குரல்.

"ஏங்க, கொழுக்கட்டதானே. பலகாரந்தான். ஒண்ணு எடுங்க."

"உள்ள கறி இருக்கு. கறி இருந்தா சாப்பாடு."

"அப்ப ரோல்ஸ்? ரோல்ஸ்ல மீனு இல்லயா? ஒங்க தங்கச்சிய பாக்க வந்தவுங்களுக்கு ரோல்ஸ்தானே வச்சோம்?"

இராசையா யோசித்தார். "அது கடையில வாங்குனது."

"இது என்னா, நம்ம அடுப்புல வெந்ததா?"

"ரோல்ஸ் கையில எடுத்துக் கடிக்கிறது. இங்க தட்டு, கிண்ணம், குச்சி எல்லாம் வச்சிருக்கான். வட்டமா ஒக்காந்து தட்டு வச்சுத் தின்னா அது சாப்பாடுதான். பேசாம இரு."

மதுஷா முகம் எரிய நிமிர்ந்தாள். எதிரே நேசராணி டீச்சர் சீனத் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்று முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. வந்ததிலிருந்து அவர் மதுஷாவிடம் பேசியது மிகக் கொஞ்சம். என்ன வேலை, பஸ்ஸில் வர எவ்வளவு நேரம், அம்மா இன்னும் மலைக்குப் போகிறாரா. பள்ளிக்கூடத் தமிழ், ஒவ்வொரு சொல்லும் துடைத்து வைத்ததுபோல். அதுவரை அவர் மதுஷாவைப் பார்த்திருந்ததே ஷெல்டனின் போனில், படமாகத்தான். நேரில் பார்த்தபோது அவர் கண்கள் அவளுடைய கையில் நின்றன, பிறகு கழுத்தில், பிறகு காலில். சந்தையில் சாமான் பார்ப்பதுபோல என்று மதுஷா அப்போது நினைத்தாள்.

மடியில் போன் நடுங்கியது. ஷெல்டன்தான், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. *அப்பா ஏன் சாப்பிடல்ல? கோவமா?*

*கோவம் இல்ல. வழக்கம்.*

*என்ன வழக்கம்?*

உங்க அம்மா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா இந்த மேசையையே சாப்பிட்டுவிடுவார் என்று எழுதினாள். அனுப்பவில்லை. அனுப்பினால் அவன் உடனே "அம்மா, சரின்னு சொல்லுங்களேன்" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவான். டவுனில் வளர்ந்த பிள்ளை. கேட்டு வாங்கிய சம்மதம் அப்பாவுக்குச் சம்மதமே இல்லை. எழுத்து எழுத்தாக அழித்தாள்.

ஞானசீலன் இதற்குள் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, இந்தக் குச்சி எங்களுக்குச் சரிவராது. முள்ளுக்கரண்டி கொண்டு வாங்க!" முள்ளுக்கரண்டி வந்தது. இராசையா அதையும் பார்த்தார். அடுத்து பன்போல உப்பிய வெள்ளைப் பணிஸ், உள்ளே இனிப்புப் போட்ட கறி. அதற்கும் அவர் அசையாததைக் கண்டு ஞானசீலனுக்கு வேறு பயம் வந்தது. "தம்பி, உண்மையச் சொல்லுங்க, இதுல மாடு, பண்டி ஏதும் இருக்கா? அண்ணன் கோயில்காரர்."

"நானே திங்கிற சாமான் சேர்," என்றான் ஷிபான் நெஞ்சில் கை வைத்து. "கோழி, எறால், மரக்கறி. வேற ஒண்டும் இந்த மேசைக்கு வரல்ல."

அடுத்து கோழிக் கால் வந்தது. பாக்கியலெட்சுமி எட்டிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதுக்கா இம்புட்டுத் தூரம் மலையேறி வந்தோம்? வீட்டுல நாய்க்குப் போடுறேனே, அது இங்க என்னா பவுசா வாழுது பாருங்க!"

சிரிப்பை அடக்க முடியாமல் ஷெல்டன் தேநீரைச் சிந்திவிட்டான். மதுஷாவும் சிரித்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இது எல்லாம் சரியாகிவிடும்போல் இருந்தது. கண்ணாடி வட்டம் சுற்றியது. கூடைகள் அப்பாவின் முன்னால் வந்து, நின்று, போயின. ஆவி குறைந்தது. மடிப்புகள் உலர்ந்து வெளுத்தன. காலியான கூடைகளை ஷிபான் எடுத்துப் போனான். பெரும்பாலும் ஞானசீலன் காலியாக்கியவை.

"அண்ணே, கூச்சப்படாதீங்க," என்றார் ஞானசீலன், இப்போது கெஞ்சும் குரலில். "இது நம்ம வீடு மாதிரி."

"இல்லைங்க. பசியில்ல."

"காலையில வெள்ளன பஸ் ஏறியிருப்பீங்க. பசியில்லாம எப்பிடி?"

"வற்புறுத்த வேண்டாம்," என்றார் நேசராணி டீச்சர். முதல் தடவையாக அவர் குரல் சற்று உயர்ந்தது. "எங்க சாப்பிடணும், எப்ப சாப்பிடணும்னு அவங்களுக்குத் தெரியும்."

இராசையாவின் காதுமடல் சிவந்தது. தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் மெசின் சத்தத்தில் காலம் முழுக்க நின்றவர். அரைக்காதுதான் கேட்கும். ஆனால் குத்துகிற சொல் மட்டும் எந்தச் சத்தத்திலும் தப்பாமல் கேட்டுவிடும். மதுஷா மேசைக்கடியில் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். கொழுந்துச் சாயம் ஏறி வெடித்த விரல்கள் அவள் கையைத் திருப்பி இறுக்கின.

பக்கத்து மேசையில் பிறந்தநாள் பாட்டுத் தொடங்கியது. வாசலில் மறுபடியும் 'டாங்'. இந்தத் தடவை யாரும் எழவில்லை. ஆனால் நேசராணி டீச்சரின் தோள் ஒருமுறை துள்ளி அடங்கியதை மதுஷா பார்த்தாள். எங்கேயோ பார்த்த துள்ளல். எங்கே என்று பிடிபடவில்லை.

பொறுக்கமாட்டாமல் ஞானசீலன் கடைசி அஸ்திரத்தை விட்டார். "தம்பி, ஒரு பெரிய பிறைட் ரைஸ். நம்ம ஆளுகளுக்குச் சோறு இல்லாம சரிவராது. நான்தான் மடையன்."

வேண்டாம் என்று சொல்ல மதுஷா வாயெடுத்தாள். எப்படிச் சொல்வது? சோறு வந்தது. பெரிய நீளத் தட்டில், முட்டையும் லீக்ஸும் போட்டு, பொன்னிறமாக, குவியலாக. இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ரோல்ஸ் இல்லை, கொழுக்கட்டை இல்லை. சோறு சோறுதான். ஷிபான் கரண்டியால் அள்ளி இராசையாவின் தட்டில் போடக் குனிந்தான்.

இராசையா தட்டை உள்ளங்கையால் மூடினார்.

பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ள முயன்றார். அது நகரவில்லை. பக்கவாட்டில் உடம்பை நெளித்து வெளியே வந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க. மழ வரப் போவுது. கடைசி பஸ்ஸ விட்டுட்டா கஷ்டம். பாக்கியம், எந்திரி."

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

"அங்கிள்?" ஷெல்டன் பாதி எழுந்தான். "நாங்க ஏதும் தப்பா..."

"ஒரு தப்பும் இல்ல தம்பி. நல்லா கவனிச்சீங்க."

பாக்கியலெட்சுமி எழுந்து பையை எடுத்தாள். மதுஷாவால் எழ முடியவில்லை. எழுந்தால் மொனராகலை. இந்த மேசையிலிருந்து வாசலுக்குப் போகிற அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். யாரும் யாரையும் திட்டாமல், எல்லாரும் மரியாதையாக. அவளுக்கு ஷெல்டனின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதனால் அவன் அம்மாவின் தட்டைப் பார்த்தாள்.

தட்டு சுத்தமாக இருந்தது. ஒரு துளி சோஸ் இல்லை. பக்கத்தில் குச்சி இரண்டும் காகித உறைக்குள்ளேயே கிடந்தன, ஓரம்கூடக் கிழியாமல். மடித்த துணி, வைத்த மடிப்பிலேயே. கூடைகள் வந்தபோதெல்லாம் அவர் வட்டத்தைத் தள்ளிவிட்டார், புருசனுக்கு எடுத்து வைத்தார், மகனுக்கு எடுத்து வைத்தார். தேநீரை மட்டும் குடித்தார்.

"ஆன்ட்டி," என்றாள் மதுஷா. குரல் அவளுடையதுபோலவே இல்லை. "நீங்களும் ஒண்ணும் சாப்பிடல்லயே."

ஞானசீலனின் வாய் மெல்வதை நிறுத்தியது. "ஆமா ராணி? நான் கவனிக்கவே இல்லயே!"

நேசராணி டீச்சர் நிமிர்ந்து மதுஷாவைப் பார்த்தார். இந்தத் தடவை கையையோ காலையோ அல்ல, முகத்தை. பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே பனி கண்ணாடிவரை வந்து ஒட்டிக்கொண்டது. பதுளை டவுன் இருந்த இடமே தெரியவில்லை.

"தம்பி," என்று ஷிபானைக் கூப்பிட்டார். "இந்தச் சோத்த எடுத்துட்டுப் போங்க. வேற யாருக்காச்சும் கட்டிக் குடுங்க."

"ராணி, இப்பத்தானே..."

"நீங்க சும்மா இருங்க." பிறகு இராசையாவைப் பார்த்தார். "அண்ணே, ஒக்காருங்க. பஸ்ஸு எங்கயும் போயிராது."

இராசையா உட்காரவில்லை. போகவும் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சரின் வாயிலிருந்து வந்த தமிழ் மாறியிருந்ததை அவரும் கவனித்திருக்க வேண்டும். தலையைச் சாய்த்து, கேட்கிற காதை அந்தப் பக்கம் திருப்பியிருந்தார்.

நேசராணி டீச்சர் எட்டிக் கூடையை இழுத்தார். குச்சியையும் தொடவில்லை, முள்ளுக்கரண்டியையும் தொடவில்லை. ஆறிப்போன இறால் கொழுக்கட்டை ஒன்றைக் கையால் எடுத்தார். வளையல் மூங்கிலில் உரசியது. அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை இராசையாவின் தட்டில் வைத்தார்.

"உள்ள கறி இருந்தாலும் சரி, காய் இருந்தாலும் சரி, ஆவியில வெந்தா அது பலகாரந்தான். எங்க பக்கத்துல அப்பிடித்தான் கணக்கு. இன்னைக்கு எல்லாரும் பலகாரம் சாப்பிடுவோம். சோறு..." ஒரு மூச்சு நிறுத்தினார். "சோறு, வார சனிக்கெழம ஒங்க காம்பராவுல. நாங்க மூணு பேரும் வாரோம்."

காம்பரா. லயத்து வீட்டை லயத்து ஆள்கள் மட்டும் சொல்கிற சொல். மதுஷா சட்டென்று அந்தத் துள்ளலை எங்கே பார்த்தாள் என்று கண்டுகொண்டாள். விடியற்காலை இருட்டில், சத்தம் கேட்டதும், அம்மாவின் தோளில்.

"அம்மா?" என்றான் ஷெல்டன். "எந்தப் பக்கம்? நீங்க பண்டாரவள டவுன்தானே?"

ஞானசீலன் குனிந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

இராசையா கழுத்துப் பட்டனைக் கழற்றினார். மெதுவாக வந்து, நெளிந்து, நாற்காலிக்குள் உட்கார்ந்தார். தட்டில் கிடந்த பாதியைப் பார்த்தார். எடுக்கவில்லை, கை மட்டும் மடியிலிருந்து மேசைக்கு வந்திருந்தது.

பாக்கியலெட்சுமி பையை இன்னும் மார்போடு அணைத்தபடி நின்றாள். மனதில் கிடப்பதை மூடி வைக்கத் தெரியாதவள் அவள். "காம்பராவுக்கு வாரேங்கிறீங்க, டீச்சரம்மா. மூணு வாட்டி கூப்புட்டோமே, அப்ப ஏன் வரல்ல?"

நேசராணி டீச்சர் கையில் மிச்சமிருந்த பாதியை வாயருகே கொண்டுபோய், அப்படியே நிறுத்தினார்.

"ஹல்துமுல்லத் தோட்டத்து லயத்துல என்னய பாக்க வந்தவுங்க, எங்கப்பா சேவல் அடிச்சு ஆக்கி வச்ச சோத்த வயிறு நெறயத் தின்னுட்டு, ரோட்டுக்கு எறங்கினப்புறந்தான் பொண்ணு வேணாம்னு ஆள் விட்டாய்ங்க அக்கா, புள்ள மொகத்த ஒரு வாட்டி நேர்ல பாக்காம நான் எப்பிடி ஒங்க வாசலுக்கு வந்து கை நனைப்பேன்?"